மருந்து டேங்குக்குள் போகாது: சின்ன ரீஃப் டேங்கில் மீனுக்கு நோய் வந்தால்

சென்னையில் வீடு வீடாகப் போய் மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி, பராமரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அலங்கார மீன் கடைகள் இருக்கும் கொளத்தூரில் புது மீன் வாங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, நீமோ மேல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. மருந்து வாங்கி வச்சிருக்கேன், ஊத்திடட்டுமா?"

ஊற்ற வேண்டாம். பாட்டிலை மூடி ஓரமாக வையுங்கள்.

ரீஃப் டேங்கில் மீன் மட்டுமா இருக்கிறது? சாஃப்ட் கோரல் என்ற மென்பவளம், கிளீனர் இறால், நத்தை, பாறைக்குள் ஒளிந்திருக்கும் புழு பூச்சி, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா என்று ஒரு பெரிய குடித்தனமே நடக்கிறது. மீன் மேல் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கு வீரியமான மருந்து இவற்றையும் விட்டுவைக்காது. இவற்றை ஒன்றும் செய்யாத மருந்து என்றால் ஒட்டுண்ணியையும் ஒன்றும் செய்யாது. தட்டைப்புழு விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். அதுவும் 100 லிட்டர், 150 லிட்டர் டேங்கில் இரண்டு இறால் செத்து ஒரு பவளம் கரைந்தாலே அமோனியா ஏறிவிடும். நோயே வராத மீனும் சேர்ந்து போகும். ஆகவே மருந்து உள்ளே போகாது, மீன்தான் வெளியே வரும். மற்றதெல்லாம் அந்த வெளியேற்றத்தை எப்படிச் செய்வது என்பதுதான்.

தண்ணீர்க் கோளாறா, நோயா?

மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் உடனே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லா மீனும் ஒரே நேரத்தில், திடீரென்று மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு. இரவில் கரண்ட் போய் பம்ப் நின்றிருக்கும். அல்லது மே மாத வெயிலில் டேங்க் 31, 32 டிகிரிக்குப் போயிருக்கும். சூடு ஏற ஏற தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அல்லது பாறைக்குப் பின்னால் எதுவோ செத்து அழுகிக்கொண்டிருக்கும். அமோனியா டெஸ்ட், வெப்பநிலை, உப்பின் அளவு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் நோயைப் பற்றி யோசிக்கலாம்.

நம் ஊரில் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: வீட்டில் கொசு மருந்து ஸ்பிரே அடித்தீர்களா? அதில் இருக்கும் பைரெத்ராய்டு வகை ரசாயனம் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். அறையின் காற்றை ஏர் பம்ப் உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். முதலில் இறால் துடிக்கும், அப்புறம் மீன். இப்படி நடந்திருந்தால் வேண்டியது பெரிய அளவில் தண்ணீர் மாற்றமும் ஆக்டிவேட்டட் கார்பனும்தான். மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

தண்ணீர் சரியாக இருக்கிறது, ஒன்றிரண்டு மீன் மட்டும் சரியில்லை என்றால் இனி நோய் பக்கம் திரும்பலாம். எல்லோரும் புள்ளியைத் தேடுவார்கள். நான் முதலில் செவுளைப் பார்ப்பேன். போனில் 15 விநாடி வீடியோ எடுங்கள். செவுள் மூடி எத்தனை முறை திறக்கிறது என்று மெதுவாக ஓட்டி எண்ணி நாலால் பெருக்குங்கள். இதை மீன் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை எண்ணி எழுதி வைத்திருந்தால் ரொம்ப நல்லது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வழக்கமான எண்ணிக்கை உண்டு. நீமோவும் டேங் (tang) என்ற வகை மீனும் ஒரே வேகத்தில் மூச்சுவிடாது. வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போனால் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் செவுளுக்குள் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எந்த நோய்?

சின்ன ரீஃப் டேங்கில் நான் பார்க்கும் ஒட்டுண்ணி நோய்கள் நாலுதான். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கடல் மீனின் வெள்ளைப்புள்ளி நோய்தான் அதிகம். கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி. உப்புக்கல் அளவில், எண்ணக்கூடிய புள்ளிகள். துடுப்பில் முதலில் தெரியும். மீன் பாறையில் உரசும், ஆனால் பெரும்பாலும் சாப்பிடும். நன்னீர் மீன் வளர்த்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கோல்ட்ஃபிஷுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறு உயிரி. அதற்குக் கல் உப்பு போட்டு, ஹீட்டரை ஏற்றிக் குணப்படுத்திய அனுபவத்தில் ரீஃப் டேங்கிலும் சூட்டை ஏற்றுவார்கள். கடல் மீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், ஆக்சிஜன் குறையும், அவ்வளவுதான். (இறால் பண்ணைக்காரர்கள் பயப்படும் வெள்ளைப்புள்ளி நோய் இன்னும் வேறு. அது வைரஸ், இறாலுக்கு வருவது.)

வெல்வெட் என்பது அமைலூடினியம். புள்ளிகளை எண்ண முடியாது. மெல்லிய பொன்னிறத் தூசு படிந்ததுபோல இருக்கும், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். பல மீன்களில் அதுவும் தெரியாது, ஏனென்றால் முதலில் செவுளைத்தான் பிடிக்கும். மீன் வெளிச்சத்தைத் தவிர்க்கும், அலை உண்டாக்கும் வேவ்மேக்கரின் ஓட்டத்துக்கு முகத்தைக் கொடுத்து அங்கேயே நிற்கும், சாப்பாட்டை நிறுத்திவிடும். இது நாள் கணக்கில் கொல்லும் நோய். நேற்று சாப்பிட்ட மீன் இன்று காலையில் செத்துக் கிடக்கிறது, மற்றவை மூச்சு வாங்குகின்றன என்றால் நான் வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பேன். தப்பாகக் கணித்தாலும் நஷ்டமில்லை. அதன் வைத்தியம் வெள்ளைப்புள்ளிக்கும் பொருந்தும்.

புரூக்லினெல்லா பெரும்பாலும் நீமோவுக்கு, அதிலும் கடலில் பிடித்து வந்த நீமோவுக்கு வரும். புள்ளி இருக்காது. உடம்பு மேல் வெண்மையான சளி படலம் படலமாக உரிந்து தொங்கும். மீன் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதால் இதுவும் வேகமானது. மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களில் நீமோவை இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் வந்து பல வருஷம் ஆகிறது. பண்ணைக் குஞ்சுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. கடையில் "பண்ணையில் பொரிச்சதா, கடல்ல பிடிச்சதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால் இந்த நோயின் தலைவலி பெருமளவு குறையும்.

நாலாவது தட்டைப்புழு. கண் மங்கும், தலையை உதறும், உரசும், ஆனால் புள்ளி இருக்காது. புழு கண்ணாடி மாதிரி இருப்பதால் மீன் மேல் அது தெரியாது.

துடுப்பு ஓரத்தில் ஒரே ஒரு பூக்கோசு மாதிரியான வெள்ளைக் கட்டி இருந்து, மீன் நன்றாகச் சாப்பிட்டால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டி. மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நல்ல தீனி கொடுத்து விட்டுவிடுங்கள், தானாகப் போகும். ஒரு கண் மட்டும் வீங்கினால் எங்கேயோ இடித்துக்கொண்டது என்றே பெரும்பாலும் இருக்கும். இவற்றுக்காக டேங்கைக் கலைக்க வேண்டாம்.

புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

வெள்ளைப்புள்ளியின் சுழற்சியைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். மீன் மேல் தெரியும் புள்ளி ஒட்டுண்ணி தின்று கொழுக்கும் பருவம். தோலின் மேல்படலத்துக்கு அடியில் 3 முதல் 7 நாள் இருக்கும். அப்புறம் தானாகக் கழன்று விழுந்து, மணலிலோ பாறையிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்காகப் பிரிந்து, பெரும்பாலும் 3 நாளிலிருந்து 4 வாரத்துக்குள் குஞ்சுகளாக வெளியே வரும். அவை ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு.

இப்போது பாருங்கள். திங்கட்கிழமை புள்ளி தெரிகிறது. செவ்வாய்க்கிழமை "ரீஃப் சேஃப்" என்று எழுதிய பாட்டிலை ஊற்றுகிறீர்கள். வெள்ளிக்கிழமை புள்ளி இல்லை. பாட்டிலுக்கு நல்ல பெயர். உண்மையில் எதுவும் ஊற்றாமல் இருந்திருந்தாலும் வெள்ளிக்கிழமை புள்ளி மறைந்துதான் இருக்கும். ஒட்டுண்ணி கீழே மணலில் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்பி வரும். அந்த மாதிரி பாட்டில்களும் பூண்டுச் சாறும் இத்தனை காலம் ஓடுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் கருத்து. பூண்டு போட்டால் சில மீன் ஆசையாகச் சாப்பிடும், அது வரைக்கும் சரி. மற்ற மீன் மேல் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும் கிளீனர் இறாலும் கிளீனர் ராஸ் மீனும் இதைக் குணப்படுத்தும் என்று சொல்பவர்களிடம், தோலுக்கு அடியில் இருப்பதை அவை எப்படிக் கொத்தி எடுக்கும் என்று கேளுங்கள்.

மீனை வெளியே எடுப்பது

எல்லா மீனையும் எடுக்க வேண்டும். புள்ளி இல்லாத மீனையும்தான். ஒரு சின்ன கோபி மீன் உள்ளே தங்கினால்கூட ஒட்டுண்ணிக்கு அது போதும்.

வலையோடு டேங்குக்குள் துரத்தாதீர்கள். பவளம் உடையும், மீன் களைத்துப் போகும். நீமோ இரவில் ஒரே மூலையில் தூங்கும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய் ஒரு டப்பாவில் ஏந்திவிடலாம். மற்றவற்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாகத் திருப்பி உடலுக்குள் செருகுங்கள். வாய் உள்நோக்கி இருக்க வேண்டும். ஓரத்தை நைலான் நூலால் தைத்து, காற்று வெளியேற அடியில் சூடான ஊசியால் சில ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துண்டு இறால் வைத்துப் படுக்க வையுங்கள். அன்று காலை தீனி போடாமல் இருந்தால் மதியத்துக்குள் டாம்செல் மீன்கூட உள்ளே போய்விடும். வாய் போதாவிட்டால் கழுத்தை இன்னும் கொஞ்சம் வெட்டி அகலமாக்குங்கள். எதற்கும் மசியாத மீன் என்றால் பாறைகளை ஒவ்வொன்றாக டேங்க் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். சின்ன டேங்கில் இது அரைமணி நேர வேலை. அந்த ஒரு வசதி பெரிய டேங்க்காரருக்குக் கிடையாது.

மீன் போய்ச் சேரும் இடம் கண்ணாடித் தொட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாத்திரக்கடையில் கிடைக்கும் 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடை பிவிசி எல்போ இரண்டு. மேலே கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள், ஃபயர்ஃபிஷ் மாதிரி மீன் வெளியே குதித்துவிடும். சென்னையில் ஹீட்டர் மார்கழியில்தான் தேவைப்படும், மற்ற மாதங்களில் ஒரு சின்ன ஃபேன்தான் தேவை. உப்பின் அளவு மெயின் டேங்கில் எவ்வளவோ அதே அளவு. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலால் சரிபார்த்துவிட்டு அளக்கவும். டப்புக்கு கடற்கரையில் மொண்ட தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரில் கரைத்த மெரைன் டேங்க் உப்பே போதும்.

ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்போதும் சம்ப்பில் (மெயின் டேங்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) போட்டு வைத்திருங்கள். நோய் வந்த அன்று ஸ்பாஞ்ச் வாங்கினால் அதில் பாக்டீரியா இருக்காது. மீன் ஒட்டுண்ணியால் சாகாமல் அமோனியாவால் சாகும். நான் பார்த்தவரை டப்பில் சாகும் மீனில் பாதிக்கு மேல் இப்படித்தான் சாகிறது. டப்பின் சுவரில் ஒரு அமோனியா பேட்ஜ் ஒட்டிவிடுங்கள், நிறம் மாறினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

வெள்ளைப்புள்ளிக்கு: டப் மாற்றும் முறை

மருந்தே இல்லாத வைத்தியம் இது. சின்ன டேங்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். புள்ளி கழன்று கீழே விழுந்தபின் கூட்டிலிருந்து குஞ்சு வர குறைந்தது 3 நாள் ஆகும் என்றோமே, அதற்குள் மீனை வேறு டப்புக்குக் கொண்டுபோய்விட்டால் ஒட்டுண்ணி பழைய டப்பிலேயே மாட்டிக்கொள்ளும். மீன் மேல் அதிகபட்சம் ஒரு வாரம்தான் அது இருக்க முடியும் என்பதால், சில மாற்றங்களில் மீன் சுத்தமாகிவிடும்.

இரண்டு டப், இரண்டு ஏர் பம்ப் டியூப், இரண்டு ஏர் ஸ்டோன், இரண்டு செட் எல்போ. எதுவும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கக்கூடாது. முதல் நாள் காலை மீன் முதல் டப்புக்குப் போகிறது. 4ஆம் நாள் காலை இரண்டாவது டப். 7ஆம் நாள் மறுபடி முதல் டப், 10ஆம் நாள் இரண்டாவது, 13ஆம் நாள் நிரந்தரமாக ஒரு சுத்தமான கண்காணிப்பு டப். ஒவ்வொரு மாற்றமும் 72 மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். முந்தின தடவை காலை எட்டு மணி என்றால் இந்தத் தடவை ஏழரைக்கே முடித்துவிடுங்கள். "சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பண்றேன்" என்று தள்ளினால் மொத்தமும் வீண்.

மாற்றும்போது பழைய தண்ணீர் கூடவே போகக்கூடாது. சின்ன பிளாஸ்டிக் வடிகட்டிக் கூடையில் மீனை ஏந்தி, தண்ணீர் வடிந்ததும் புது டப்பில் விட்டுவிடுங்கள். கூடையை உடனே நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வைக்கவும். புது டப்பின் உப்பும் சூடும் பழையதோடு பொருந்தியிருந்தால் மெதுவாகப் பழக்க வேண்டிய அவசியமே இல்லை. காலியான டப்பையும் டியூபையும் எல்போவையும் தேய்த்துக் கழுவி மொட்டை மாடி வெயிலில் துளி ஈரமில்லாமல் காய வையுங்கள். ஈரம் இருக்கும் வரை கூடு உயிரோடு இருக்கும். முழுக்கக் காய்ந்தால் செத்துவிடும். நம் ஊர் வெயில் உதவுகிற ஒரே இடம் இதுதான். இரண்டு டப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஏர் ஸ்டோன் தெறிக்கும் துளி போதும். மெயின் டேங்கில் கை விட்ட ஈரக்கையோடு டப் பக்கம் போகவும் கூடாது.

இந்த முறையில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைக்க முடியாது, மூன்று நாளுக்கு ஒருமுறை காயப்போட வேண்டியிருக்குமே. ஆகவே தீனியைக் குறைத்துப் போட்டு, மிச்சத்தை அன்றன்றே உறிஞ்சி எடுங்கள். அமோனியா ஏறினால் பிரைம் போன்ற கட்டுப்படுத்தும் திரவத்தைச் சேர்க்கலாம்; டப்பில் காப்பர் இல்லாதவரை அதில் ஆபத்தில்லை.

வெல்வெட்டுக்கு: காப்பர்

டப் மாற்றும் முறை வெல்வெட்டிடம் செல்லாது. இங்கே காப்பர்தான் வேண்டும், அதுவும் அன்றே.

முதலில் ஒரு நன்னீர்க் குளியல் கொடுத்துச் செவுளைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தலாம். பக்கெட்டில் ஆர்ஓ தண்ணீர், டப்பின் அதே சூடு, ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து பிஎச் 8.2 பக்கம் கொண்டுவந்து, ஏர் ஸ்டோன் ஓடவிட்டு மீனை 5 நிமிடம் விடுங்கள். சில மீன் சாய்ந்து படுத்துக்கொள்ளும், பதறாதீர்கள். கவிழ்ந்து அசையாமல் போனால் மட்டும் உடனே எடுத்துவிடவும். இது குணப்படுத்தாது, மூச்சுக்கு ஒரு அவகாசம் தரும். கார்ப்பரேஷன் தண்ணீரை அப்படியே பிடிக்க வேண்டாம், குளோரின் இருக்கும்.

அப்புறம் காப்பர். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கிக் கண்ணளவில் கரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் காப்பர் சல்ஃபேட்தான். ஆனால் அந்த வகைக் காப்பர் வேலை செய்யும் அளவு 0.15 முதல் 0.20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), கீழே போனால் பயனில்லை, மேலே போனால் மீன் போகும். கண்ணளவில் அந்தக் கோட்டில் நிற்க யாராலும் முடியாது. கீலேட் செய்த காப்பர், அதாவது வேறொரு மூலக்கூறோடு பிணைத்து வைத்த காப்பர், உதாரணமாக காப்பர் பவர், கொஞ்சம் சாதுவானது, 2.25 முதல் 2.5 பிபிஎம் வரை ஓரிரு நாளில் ஏற்றலாம். வெல்வெட்டுக்கு நான் எடுப்பது இதைத்தான். குப்ராமின் என்ற இன்னொரு காப்பர் மருந்து என்றால் அளவே வேறு: 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் கழித்து இன்னொரு 1 மில்லி, முடிவில் 0.5 பிபிஎம். ஒன்றின் அளவை இன்னொன்றில் போட்டால் முடிந்தது கதை. அளக்கும் கிட்டும் அந்தந்த வகைக்குப் பொருந்த வேண்டும். கீலேட் காப்பருக்கு ஹானாவின் ஹை ரேஞ்ச் செக்கர் நன்றாக இருக்கிறது. தினமும் அளங்கள். தண்ணீர் மாற்றினால் உள்ளே ஊற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் இருக்க வேண்டும்.

ஏற்றும்போது மீன் சாப்பிடுவதை நிறுத்தினால் அந்த அளவிலேயே நிறுத்தி ஒருநாள் பாருங்கள். லேபிளில் 14 நாள் என்று போட்டிருந்தாலும் நான் ஒரு மாதம் வைத்திருப்பேன். பிரைம் மாதிரி அமோனியா திரவங்களை இந்த டப்பில் தொடவே வேண்டாம். அவை காப்பரை இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும். கார்பனும் போடக்கூடாது, காப்பரை உறிஞ்சிவிடும். பாறையும் மணலும் வேண்டாம் என்று சொன்னதற்கும் அதே காரணம்தான். உறிஞ்சிய பாறையை மெயின் டேங்கில் திரும்ப வைத்தால் இறாலின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

புரூக்லினெல்லாவும் தட்டைப்புழுவும்

நீமோவின் சளி உரிந்தால் ஃபார்மலின் குளியல்தான் நம்பகமானது. 37 சதவீத ஃபார்மலின், நம் ஊர்த் தண்ணீர்ச் சூட்டுக்கு 10 லிட்டருக்கு 1.5 மில்லிக்கு மேல் போகக்கூடாது. ஃபார்மலின் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும், அதனால் ஏர் ஸ்டோன் பலமாக ஓட வேண்டும். பக்கத்திலேயே நின்று 30 முதல் 45 நிமிடம்; மீன் தடுமாறினால் உடனே எடுத்துப் புது டப்பில் விடவும், குளித்த தண்ணீருக்குத் திரும்பவே கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த ஃபார்மலினைப் பயன்படுத்தாதீர்கள், அது முன்னைவிட விஷம். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் பால்கனியில்தான் செய்வேன்.

தட்டைப்புழுவைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன நன்னீர்க் குளியலே சோதனை. கறுப்பு பக்கெட்டில் செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி இருந்த புழு வெளுத்து, எள்ளளவு வெள்ளைச் செதிலாக அடியில் உதிரும். பார்த்தால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். இதற்கு பிராசிகுவாண்டல்: லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 100 லிட்டருக்கு 250 மில்லிகிராம் சுத்தப் பொடி. முட்டையை இது கொல்லாது, அதனால் 5 முதல் 7 நாள் கழித்து இரண்டாவது டோஸ். நான் முன்னால் சொன்ன விலக்கு இதுதான்: மெயின் டேங்கிலேயே போட முடிகிற மருந்து. பவளமும் இறாலும் பெரும்பாலும் தாங்கும், பாறையிலுள்ள குழாய்ப்புழுக்கள் மட்டும் போகும். அன்று இரவு ஏர் ஸ்டோன் கூடுதலாக ஓடட்டும். நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையில் பிராசிகுவாண்டலோடு வேறு மருந்தும் கலந்திருக்கும். அதை அரைத்துப் போடாதீர்கள்.

மெயின் டேங்க் காலியாக இருக்கும் நாட்கள்

மீன் டப்பில் குணமாகும்போது மெயின் டேங்கில் ஒட்டுண்ணி பட்டினியில் சாக வேண்டும். பழைய கணக்கு 76 நாள். ஒரு கூட்டிலிருந்து 72ஆம் நாளில்கூடக் குஞ்சு வந்ததாகப் பதிவு இருப்பதால் அதோடு கொஞ்சம் சேர்த்து வைத்த எண் இது. 27 டிகிரிக்கு மேல் இருக்கும் டேங்குக்கு 6 வாரம் போதும் என்பவர்களும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது, சூட்டில் சுழற்சி வேகமாக ஓடும். ஆனாலும் என் வாடிக்கையாளர்களுக்கு 76 என்றுதான் சொல்கிறேன். ஆறு வாரத்தில் திரும்ப விட்டு, அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இந்த நாட்களில் பவளத்துக்கு வழக்கம்போல வெளிச்சம், வழக்கம்போலத் தண்ணீர் மாற்றம். இறாலுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு பெல்லட் போடுங்கள், பாக்டீரியாவுக்கும் அது சாப்பாடு. டேங்க் வெறிச்சென்று இருக்கிறதே என்று புதுப் பவளம் வாங்கி வைக்காதீர்கள். கடையில் மீனோடு இருந்த பவளத்தின் அடித்துண்டில் கூடு ஒட்டியிருக்கலாம். வைத்த அன்றிலிருந்து மறுபடி 76 எண்ண வேண்டும். நத்தைக்கும் அதே கணக்கு. பவளம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று: நம் கடலிலிருந்து எடுத்த கல் பவளத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு.

டப்பிலிருக்கும் மீனுக்கு இது உடம்பு தேற்றும் காலம். மைசிஸ் என்ற குட்டி இறால் மாதிரித் தீனி, பொடியாக நறுக்கிய இறால், டேங் மீன் வகைகளுக்கு எண்ணெய் மசாலா இல்லாத நோரி என்ற கடற்பாசி இலை. ஒரு நாளைக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக. இந்த இடைவெளியில் இன்னொரு மீன் சேர்க்க நினைத்தால், பவுடர் ப்ளூ டேங் பக்கம் மட்டும் போகாதீர்கள். இந்தியப் பெருங்கடல் மீன், கடையில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வெள்ளைப்புள்ளி அதைத் தேடி வரும், 150 லிட்டர் அதற்கு எந்த நாளும் போதாது. வேறு எந்த மீனாக இருந்தாலும் அதுவும் முதலில் ஒரு மாதம் தனி டப்பில்தான். குணமான மீன்களோடு நடுவில் சேர்த்தால் அவற்றுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

நாள் முடிந்ததும் மீன்களை ஒரே நாளில் எல்லாம் விடாமல், சாதுவானதை முதலில், சண்டைக்காரனைக் கடைசியில் விடுங்கள். டாம்செல் எப்போதும் கடைசி. காப்பர் போட்ட டப்பின் ஸ்பாஞ்சைச் சம்ப்புக்குத் திரும்பப் போட வேண்டாம், தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டு வையுங்கள். டப்பையும் எல்போவையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, அமோனியா பேட்ஜோடு ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போடுங்கள். கரண்ட் போனால் உதவும் பேட்டரி ஏர் பம்பும் அந்த மூட்டையிலேயே இருக்கட்டும்.